கடன் தீர்ந்தும் திறவாத பூட்டு

கடல் கடந்து உத்தியோகம் பார்க்கும் மகனோ மகளோ விடுமுறைக்கு ஊர் திரும்புகையில், தாம் இரண்டு வருஷம் உபயோகித்த கைபேசியைத் துடைத்துப் பெட்டியில் வைத்துத் தகப்பனாருக்கென்று கொண்டுவருவது இன்று தமிழ்நாட்டுக் குடும்பங்களில் சர்வ சாதாரணமாகிவிட்டது. கும்பகோணத்திலோ காரைக்குடியிலோ அதை வாங்கிக்கொண்ட பெரியவர் தம் பழைய சிம்மை அதிலே செருகியவுடன், அந்தச் சிம் செல்லாது என்று ஒரு வாசகம் திரையில் வந்து நின்றுவிடுகிறது. கருவி படம் எடுக்கிறது. வைஃபை கிடைத்தால் பாட்டும் நாடகமும் காட்டுகிறது. ஆனால் எந்தக் காரியத்தின் பொருட்டு மனிதர்கள் இதைக் கண்டுபிடித்தார்களோ அந்தக் காரியமாகிய பேச்சு மட்டும் நடைபெறுவதில்லை. சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையில் காட்டினாலும், கடைக்காரர் ஒரு நிமிஷம் புரட்டிப் பார்த்துவிட்டு, "லாக்டு செட் சார்" என்கிறார்.

கருவியில் பழுது ஒன்றுமில்லை. விற்ற கம்பெனி தன் இணைப்பைத் தவிர வேறொன்றும் அதில் இயங்கலாகாது என்று உள்ளே ஒரு பூட்டுப் போட்டிருக்கிறது. அந்தப் பூட்டு எப்படி வேலை செய்கிறது, எதற்காகப் போடப்பட்டது, அதைத் திறக்கும் உரிமைக்காகப் பிற தேசத்து மக்கள் எவ்விதம் வாதாடினார்கள் என்பதையெல்லாம் ஆராய்ந்து பார்த்தால், கிரயம் முழுவதும் செலுத்தித் தீர்ந்த ஒரு பொருளின்மீது விற்றவனுக்கு இன்னும் என்ன பாத்தியதை மிஞ்சுகிறது என்ற கேள்வியிலே வந்து நிற்போம். சிறிய கருவியைப் பற்றிய சிறிய விவகாரமாகத் தோன்றினும், சொத்துரிமையைப் பற்றிய பெரிய தர்க்கம் இதனுள் அடங்கியிருக்கிறது.

பூட்டு வேலை செய்யும் விதம்

ஒவ்வொரு சிம்மிலும் சந்தாதாரரைக் குறிக்கும் நீண்ட எண் ஒன்று, பொதுவாக 15 இலக்கங்களில், பதிந்திருக்கிறது. அதன் முதல் மூன்று இலக்கங்கள் தேசத்தைக் குறிப்பவை: இந்தியாவுக்கு 404, 405, இலங்கைக்கு 413, கனடாவுக்கு 302, அமெரிக்காவுக்கு 310 முதலானவை. அவற்றை அடுத்து வரும் இரண்டு அல்லது மூன்று இலக்கங்கள் கம்பெனியைக் குறிக்கின்றன. 310-410 என்றால் அமெரிக்காவின் ஏ.டி.அண்ட்.டி., 310-260 என்றால் டி-மொபைல். பூட்டப்பட்ட கைபேசி உயிர்பெற்றவுடன் இந்த இலக்கங்களை வாசித்து, தன்னுள் எழுதப்பட்டுள்ள இலக்கங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒத்திருந்தால் வழிவிடுகிறது, இல்லையேல், ஆபத்துக் காலத்து அவசர எண்ணைத் தவிர வேறெந்த அழைப்புக்கும் இடங்கொடாமல் நின்றுவிடுகிறது. இது யாரோ ஒரு கம்பெனி ரகசியமாகச் செய்துகொண்ட யுக்தியன்று, ஜி.எஸ்.எம். தொழில்நுட்பத்தின் சர்வதேச விதிகளிலேயே இடம்பெற்று, கம்பெனி, அதன் உட்பிரிவு, சேவை நிறுவனம், அலுவலகம், தனிச் சிம் என்று ஐந்து தரங்களாக வகுக்கப்பட்ட ஏற்பாடு.

பூட்டு பார்ப்பது சிம்மையே அன்றி, இருக்கும் இடத்தை அன்று என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அமெரிக்கச் சிம்மோடு சென்னையில் இறங்கியவருக்கு அதே கைபேசி ரோமிங்கில் தடையின்றிப் பேசும். இந்தியச் சிம்மை இட்டதும் ஊமையாகிவிடும். ஊர் மாறியதால் கெட்டுவிட்டது என்று பலர் மயங்குவதற்கு இதுவே காரணம்.

திறக்கும் வழிகளும் இரண்டு வகைப்படும். பல கைபேசிகளில், அந்தந்தக் கருவிக்கென்று கம்பெனி வைத்திருக்கும் எண் தொகுதியை அழுத்தினால் பூட்டுத் திறக்கும். ஆனால் குறிப்பிட்ட சில தடவைகளுக்கு மேல் தவறான எண்ணை இட்டால், பிறகு சரியான எண்ணுக்கும் அது இணங்காமல் இறுகிப்போவதுண்டு. ஐபோனிலோ எண் எதுவும் அழுத்துவதற்கில்லை. ஒவ்வொரு கருவிக்கும் உரிய தனி அடையாளமாகிய ஐ.எம்.ஈ.ஐ. எண்ணுக்கு எதிரே அது எந்தக் கம்பெனிக்குக் கட்டுப்பட்டது என்ற குறிப்பு ஆப்பிளின் சர்வரிலேயே இருக்கிறது; விற்ற கம்பெனி சொன்னாலொழிய அந்தக் குறிப்பு மாறுவதில்லை.

எதிர்பாராத பூட்டு என்பதற்கு இன்னும் விசித்திரமான ரூபங்களும் உண்டு. அமெரிக்காவில் சில கடைகளில் எந்தக் கம்பெனிக்கும் கட்டுப்படாதது போல விற்கப்படும் ஒருவகை ஐபோன், முதன்முதலாக எந்தக் கம்பெனியின் சிம்மோடு உயிர்பெறுகிறதோ அந்தக் கம்பெனிக்கே தானாகப் பூட்டிக்கொள்கிறது. 2013-ஆம் ஆண்டில் சாம்சங் தன் கேலக்ஸி நோட் 3 பெட்டியின்மேல், வாங்கிய பிரதேசத்துச் சிம்மோடுதான் இது இணங்கும் என்று ஒரு சீட்டு ஒட்டி ஐரோப்பாவில் விற்றபோது வாங்கியவர்கள் திகைத்துப் போனார்கள். அந்தப் பிரதேசத்துச் சிம்மைக் கொண்டு ஒருமுறை முறைப்படி இயக்கிவிட்டால் பிறகு எங்கும் உபயோகிக்கலாம் என்று கம்பெனி பின்னர் விளக்கம் அளிக்க நேர்ந்தது.

பூட்டுக்கும் ஒரு நியாயம் உண்டு

இந்தப் பூட்டைப் போட்டவர்கள் தரப்பிலும் நியாயமில்லாமல் இல்லை. மேல்நாட்டுக் கம்பெனிகள் அறுநூறு டாலர் பெறுமானமுள்ள கைபேசியை இருநூறு டாலருக்குக் கொடுத்து, மீதியை இரண்டு வருஷத்து மாதச் சந்தாவிலே சிறுகச் சிறுக வசூலித்துக்கொள்ளும் முறையில் நெடுங்காலம் வியாபாரம் செய்தன. மலிவு விலைக் கைபேசிகளைக் கடை கடையாக மொத்தமாக வாரி, பூட்டை உடைத்து, வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்து லாபம் பார்த்த வியாபாரிகளும் இருந்தார்கள்; டிராக்ஃபோன் என்ற அமெரிக்கக் கம்பெனி அப்படிப்பட்டவர்கள்மீது வழக்குமேல் வழக்காகத் தொடுத்தது. நகையை அடமானம் பிடித்தவர் கடன் தீரும்வரை அதைப் பெட்டியில் வைத்திருப்பதை யாரும் குறை சொல்வதில்லை. அதுபோல, பாக்கி இருக்கும்வரை பூட்டு இருப்பதையும் குறை சொல்ல இயலாது.

ஆனால் பூட்டின் சரித்திரம் இந்த நியாயத்தின் எல்லைக்குள்ளே நிற்கவில்லை. 2007 ஜூன் 29-இல் முதல் ஐபோன் அமெரிக்காவில் வெளிவந்தபோது, அதன் விலை 499 டாலரும் 599 டாலருமாக இருந்தது. கம்பெனி அதில் சலுகை எதுவும் தரவில்லை. அப்படியிருந்தும் இரண்டு வருஷ ஒப்பந்தமும் ஏ.டி.அண்ட்.டி.யின் பூட்டும் சேர்ந்தே வந்தன. நியூ ஜெர்ஸியைச் சேர்ந்த ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற 17 வயது இளைஞர் அதே வருஷம் ஆகஸ்ட் மாதத்தில் அந்தப் பூட்டைத் திறந்து காட்டி உலகப் பிரசித்தி அடைந்தார். அவ்வருஷம் நவம்பரில், ஜெர்மனியில் டி-மொபைல் மட்டுமே ஐபோனைப் பூட்டோடு விற்றதை எதிர்த்து வோடஃபோன் ஹாம்பர்க் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை பெற்றது. ஒப்பந்தத்தோடு 399 யூரோவுக்கு விற்ற அதே ஐபோனைப் பூட்டின்றி 999 யூரோவுக்கு டி-மொபைல் விற்க நேர்ந்தது. டிசம்பரில் தடை நீங்கியதும் பழைய முறையே திரும்பியது. பூட்டை ஒரு கம்பெனி எவ்வளவு பெறுமானமுள்ளதாகக் கருதுகிறது என்பதை அந்த 600 யூரோ வித்தியாசம் ஒருவாறு வெளிப்படுத்திற்று.

அமெரிக்காவில் நடந்த போராட்டம்

இந்த விஷயத்தில் மிகவும் சிந்தனைக்குரிய அத்தியாயம் அமெரிக்காவில்தான் நிகழ்ந்தது. புத்தகம், சங்கீதம், சினிமா முதலியவற்றைக் கள்ளத்தனமாகப் பிரதி எடுப்பதைத் தடுக்கும் உத்தேசத்தோடு 1998-இல் அங்கே இயற்றப்பட்ட டிஜிட்டல் காப்புரிமைச் சட்டம், காப்புரிமை பெற்ற படைப்பைக் காக்கும் எந்த மின்னணுப் பூட்டையும் உடைத்தல் குற்றம் என்று பொதுப்படையாக விதித்தது. கைபேசிக்குள் இயங்கும் மென்பொருளும் காப்புரிமை பெற்ற படைப்பே; ஆகவே அதன் சிம் பூட்டைத் திறப்பதும் சட்ட விரோதம் என்ற வியாக்கியானத்துக்கு இடம் ஏற்பட்டது. தான் காசு கொடுத்து வாங்கிய கைபேசியில் வேறொரு சிம்மைப் போட விரும்பிய குடிமகன், திருட்டுச் சினிமா விற்பவனோடு ஒரே சட்டத்தின் கீழ் நிறுத்தப்படும் நிலை இவ்வாறு உண்டாயிற்று. லாபத்துக்காகத் திறந்து கொடுப்பவனுக்கு முதல் குற்றத்துக்கே ஐந்து வருஷம் வரை சிறையும் ஐந்து லட்சம் டாலர் வரை அபராதமும் விதிக்க அந்தச் சட்டத்தில் இடமிருந்தது.

அதே சட்டம், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை நியாயமான விதிவிலக்குகளை அறிவிக்கும் பொறுப்பை வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகத்தின் தலைவரிடம் ஒப்படைத்திருந்தது. கைபேசிகளின் விதியை ஒரு நூலகர் நிர்ணயிக்க நேர்ந்தது இப்படித்தான். 2006-இல் நூலகர் கைபேசிப் பூட்டைத் திறக்க விதிவிலக்கு அளித்தார். 2010-இல் அதைப் புதுப்பித்தார். ஆனால் 2012 அக்டோபரில், பூட்டில்லாத கைபேசிகள் சந்தையில் போதிய அளவு கிடைக்கின்றன என்ற காரணம் முதலியவற்றைக் காட்டி, 2013 ஜனவரி 26-க்குப் பிறகு வாங்கப்படும் கைபேசிகளுக்கு அது பொருந்தாது என்று அறிவித்துவிட்டார். ஒரு நாள் காலையில், முந்திய தினம் வரை நியாயமாயிருந்த காரியம் குற்றமாகிவிட்டது.

சாமானிய ஜனங்கள் இதைச் சகித்துக்கொண்டிருக்கவில்லை. ஸினா கானிஃபர் என்ற இளைஞர் வெள்ளை மாளிகைக்கு எழுதிய விண்ணப்பத்தில் 1,14,322 பேர் கையெழுத்திட்டார்கள். மார்ச் 4-ஆம் தேதி வெள்ளை மாளிகை பதில் அளித்தது: ஒப்பந்தத்தாலோ வேறு கடமையாலோ கட்டுண்டிராத மக்கள் தங்கள் கைபேசியின் பூட்டைத் திறப்பது குற்றமாகலாகாது என்று விண்ணப்பதாரர்களின் அபிப்பிராயத்தை அது ஏற்றுக்கொண்டது. அவ்வருஷக் கடைசியில், தொலைத்தொடர்பு ஆணையத் தலைவர் டாம் வீலர் கொடுத்த நிர்ப்பந்தத்தின் பேரில், கைபேசிக் கம்பெனிகளின் சங்கம் ஆறு வாக்குறுதிகளை ஒப்புக்கொண்டது. பூட்டு விதிகளைப் பகிரங்கமாக அறிவிப்பது, பாக்கி தீர்ந்த கைபேசியைக் கேட்டவுடன் திறந்து கொடுப்பது, பிரீபெய்ட் கைபேசியை ஒரு வருஷத்துக்கு மேல் பூட்டி வைக்காதிருப்பது, விண்ணப்பத்துக்கு இரண்டு வேலை நாட்களுக்குள் பதில் சொல்வது ஆகியவை அவற்றில் முக்கியமானவை. 2014 ஆகஸ்ட் 1-இல், இரு சபைகளும் நிறைவேற்றிய மசோதாவில் ஜனாதிபதி ஒபாமா கையெழுத்திட்டு, கைபேசிப் பூட்டைத் திறக்கும் விதிவிலக்கை மீண்டும் உயிர்ப்பித்தார். குடிமக்களின் விண்ணப்பம் ஒன்று சட்டமாகக் கனிந்த இந்த நிகழ்ச்சி, சிறிய அநீதியையும் சிறியதென்று விட்டுவிடாமல் கேட்பவர்களால்தான் ஒரு ஜனநாயகம் ஜீவிக்கிறது என்பதற்குத் தக்க சான்றாகும்.

எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சட்டம் திறப்பவனைக் குற்றத்திலிருந்து விடுவித்ததே தவிர, பூட்டோடு விற்கலாகாது என்று எந்தக் கம்பெனியையும் தடுக்கவில்லை. அமெரிக்காவிலிருந்து இன்றும் பூட்டிய கைபேசிகள் நம் ஊர் வந்து சேர்வதற்குக் காரணம் அதுவே.

திறந்தே விற்ற தேசங்கள்

இன்னொரு படி துணிந்து சென்ற தேசங்களும் உண்டு. கனடாவில் பூட்டைத் திறக்கப் பொதுவாக 50 டாலர் வரை கட்டணம் வாங்கினார்கள். 2016-ஆம் ஆண்டில் மட்டும் இந்த வகையில் கம்பெனிகளுக்கு 3 கோடியே 77 லட்சம் டாலர் சேர்ந்தது. தான் போட்ட பூட்டைத் தானே திறப்பதற்குக் கூலி வாங்கும் இந்த வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்து, 2017 டிசம்பர் 1 முதல் கைபேசிகளைப் பூட்டின்றியே விற்க வேண்டும் என்றும், பழையவற்றைக் கட்டணமின்றித் திறந்து கொடுக்க வேண்டும் என்றும் அந்நாட்டு ஆணையம் விதித்தது. டொராண்டோவிலிருந்து யாழ்ப்பாணத்து உறவினருக்குக் கைபேசி அனுப்பும் தமிழர்களுக்கு அந்த விதி செய்த உபகாரம் சிறிதன்று.

பிரிட்டனில் ஆஃப்காம் ஆணையம் இவ்விஷயத்தை ஆராய்ந்தபோது, கம்பெனி மாற வேண்டாமென்று முடிவு செய்தவர்களுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர், பூட்டைத் திறக்கும் தொல்லையை நினைத்தே தயங்கியதாகத் தெரிவித்தார்கள். திறக்க முயன்றவர்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேர் சங்கடத்துக்கு உள்ளானார்கள். 2021 டிசம்பர் 17 முதல் அங்கே பூட்டிய கைபேசி விற்பது தடைசெய்யப்பட்டது. ஜப்பானும் முதலில், கேட்டால் திறந்து கொடுக்க வேண்டும் என்று 2015-இல் விதித்துப் பார்த்து, பின்பு 2021 அக்டோபர் முதல், புதிதாக வெளிவரும் கைபேசிகளில் பூட்டே கூடாதென்று முடிவுகட்டியது. பூட்டை நீக்கிய பிறகும் இந்நாடுகளில் கைபேசி வியாபாரம் நடந்தே வருகிறது. தவணைக்காரனைக் கட்டுப்படுத்த அவன் கையெழுத்திட்ட ஒப்பந்தமே போதுமென்பது அநுபவத்தில் தெளிவாயிற்று.

நம் நாட்டில்

இந்தியாவில் கைபேசியை ஒரு கடையிலும் சிம்மை இன்னொரு கடையிலும் வாங்குவதே வழக்கமாக வேரூன்றிவிட்டதால், இந்தப் பூட்டு இங்கே பெரிதாகப் பரவவில்லை. ஆயினும் முற்றிலும் அறியாததுமன்று. 2003-இல் ரிலையன்ஸ் 501 ரூபாய் முன்பணத்துக்குக் கைபேசி கொடுத்தபோது, அது சி.டி.எம்.ஏ. முறையில் இயங்கியதால் கழற்றி மாற்றுவதற்குச் சிம்மே இல்லை. 2017-இல் 1,500 ரூபாய் திருப்பித் தரக்கூடிய முன்பணத்துக்கு வந்த ஜியோபோனும் ஜியோ சிம்மோடு மட்டுமே இயங்கியது. ஏழை எளியவர் கைக்கு எட்டும் விலையில், நிபந்தனையைச் சொல்லியே கொடுத்த இவற்றில் குறைகாண நான் துணியேன். இணையத்துக்காகக் கம்பெனிகள் விற்ற டாங்கிள்களும் பல பூட்டோடுதான் வந்தன. ஆனால் 2008-இல் ஐபோன் 3ஜி இந்தியாவுக்கு வந்தபோது, அமெரிக்காவில் ஒப்பந்தத்தோடு 199 டாலருக்குக் கிடைத்த அந்தக் கருவிக்கு இங்கே 31,000 ரூபாய் வாங்கிக்கொண்டும், விற்ற கம்பெனியின் சிம்மோடு கட்டியே கொடுத்தார்கள். முழு விலையும் வாங்கிய பின் போடும் பூட்டுக்கு எந்த நியாயமும் கற்பிக்க முடியாது.

2011 ஜனவரி 20 முதல் எண்ணை மாற்றாமலே கம்பெனியை மாற்றிக்கொள்ளும் வசதி தேசம் முழுவதும் வந்திருக்கிறது. எண்ணை நம்மோடு எடுத்துச் செல்லலாம் என்று விதி அனுமதிக்கும்போது, அந்த எண் வாசம் செய்யும் கருவி மட்டும் பிறருக்குக் கட்டுப்பட்டிருப்பது பொருந்தாது.

வாங்குவோர் அறிய வேண்டியவை

வெளிநாட்டுக் கைபேசியை ஏற்றுக்கொள்ளுமுன் சில காரியங்களைச் செய்துவிட்டால் பிற்பாடு வருந்த வேண்டியதில்லை. ஐபோனானால், செட்டிங்ஸில் ஜெனரல், அதனுள் அபவுட் என்ற பகுதிக்குச் சென்றால், கேரியர் லாக் என்ற வரிக்கு எதிரே தடை உண்டா இல்லையா என்று எழுதியிருக்கும். ஆண்ட்ராய்டானால், வேறு கம்பெனியின் சிம்மைப் போட்டு ஓர் அழைப்புச் செய்து பார்ப்பதே உத்தமமான சோதனை. பூட்டு இருக்குமாயின், அதை முதலில் வாங்கியவர் அந்தத் தேசத்தில் இருக்கும்போதே, தம் பாக்கியைத் தீர்த்து, தம் கணக்கின் மூலம் கம்பெனிக்கு விண்ணப்பிக்கச் செய்ய வேண்டும். கணக்குக்கு உரியவர் கேட்டால் எளிதில் முடியும் காரியம், பத்தாயிரம் மைல் அப்பாலிருந்து மூன்றாம் மனிதர் கேட்டால் நடப்பது அரிது. அனுமதி கிடைத்தபின் ஐபோனில் வேறு சிம்மை இட்டு வைஃபையில் இணைக்க வேண்டும். அப்போதும் திறக்கவில்லையென்றால், உள்ளதைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, அழித்து மீண்டும் துவக்க வேண்டும்.

வேறு தடைகளைச் சிம் பூட்டென்று மயங்குவதும் உண்டு. பழைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கால் பூட்டப்பட்ட ஐபோனை அவர் கடவுச்சொல்லின்றித் திறக்க இயலாது. திருட்டுப் போனதாகக் கறுப்புப் பட்டியலில் ஏறிய கருவி, பூட்டே இல்லாவிடினும் இயங்காது போகலாம். 2022 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் ஐபோன் 14-இலும் அதன் பின்வந்தவற்றிலும் சிம் செருகும் இடமே கிடையாது. அவற்றுக்கு ஈ-சிம்தான் வேண்டும், அதையும் பூட்டு கட்டுப்படுத்தும். இந்தியாவில் பழைய கைபேசி வாங்குவோர், *#06# என்று அழுத்தி 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எண்ணை அறிந்து, கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் ஓர் இடைவெளியும் அந்த எண்ணுமாக 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் அதன் யோக்கியதை தெரிந்துவிடும்.

சிம்மின்மேல் ஒட்டும் மெல்லிய சில்லு ஒன்றை விற்று, பூட்டைத் திறந்ததாகச் சொல்லும் வியாபாரமும் நடக்கிறது. அது பூட்டை ஏமாற்றுகிறதே தவிர நீக்குவதில்லை. அடுத்த மென்பொருள் புதுப்பிப்பிலேயே பயனற்றுப் போகக்கூடும். ஐ.எம்.ஈ.ஐ. எண்ணையே மாற்றித் தருகிறேன் என்பவரை அணுகவே கூடாது. 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டப்படி அது மூன்று வருஷம் வரை சிறைக்கோ, 50 லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கோ, இரண்டுக்குமோ உரிய குற்றமாகும். நம் நாட்டுக் கடையிலேயே சொல்லாமல் பூட்டிய கைபேசியை விற்றுவிட்டால், பொருளின் தரத்தை அறியும் உரிமையை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்கு வழங்கியிருக்கிறது. ரசீதோடு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

நாம் கேட்க வேண்டியது

இனி வரும் காலத்தில் விலையுயர்ந்த கைபேசிகள் நம் நாட்டிலும் மேலும் மேலும் தவணைக்கு விற்கப்படும். தவணை வரும் இடமெல்லாம் ஏதேனும் ஒரு பூட்டும் கூடவே வர முயலும். அது பரவிய பின் போராடுவதைவிட, பரவுமுன் நியதி வகுப்பதே விவேகம். அந்த நியதி மூன்று அம்சங்களில் அடங்கும். பூட்டு உண்டென்றால் பெட்டியின்மேல், தமிழ் உள்ளிட்ட பிரதேச மொழியில், விலைக்குப் பக்கத்திலேயே அதை அச்சிட வேண்டும். கடைசித் தவணை செலுத்திய அன்றே, விண்ணப்பமும் கட்டணமும் இன்றி அது தானாகத் திறந்துகொள்ள வேண்டும். முழு விலை கொடுத்து வாங்கியவரின் கருவியில் பூட்டே இருத்தலாகாது.

தர்மமான வியாபாரம் எதுவும் இந்த மூன்றினாலும் நஷ்டமடையாது. தன் சேவை சிறந்ததென்று நம்பும் கம்பெனிக்கு வாடிக்கைக்காரரைக் கட்டிவைக்கும் அவசியமில்லை. கட்டிவைத்தால்தான் நிற்பார் என்று அஞ்சும் கம்பெனி, பூட்டைச் செப்பனிடுவதை விட்டுத் தன் சேவையைச் செப்பனிடட்டும்.